1980: கூடைப்பந்து உலகில் ஓர் ஆண்டு



செம்பனைக் குலை வெட்டிய களைப்பும், பால் மரம் வெட்டிய களைப்பும் தீரக் காலைக் கழுவிக்கொண்டு வாசலில் அமரும் இந்த மாலை வேளையில், தூர தேசங்களில் நடந்த ஒரு விளையாட்டுக் கதையை உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். லாபு வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருப்பவன் நான். விளையாட்டு வீரன் அல்லன். பந்தை எறிந்தால் அது போகும் திசை எனக்கே தெரியாது. அப்படியிருந்தும் கூடைப்பந்தைப் பற்றிப் பேச வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற தவணையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை முதன்முறையாக ஒரு கூடைப்பந்துப் போட்டிக்கு அழைத்துச் சென்றேன். எதிரில் நின்றது சிமெண்டுத் தளத்தில் நாள்தோறும் பயிற்சி செய்யும் பள்ளி. எங்கள் பிள்ளைகளோ பெரட்டுக் களத்து மண்ணில், சுவரில் சுண்ணாம்பால் வரைந்த வட்டத்தை நோக்கிப் பந்தெறிந்து பழகியவர்கள். 41க்கு 3 என்று தோற்றோம். திரும்பி வரும்போது வேனில் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை ஒரு மாணவனின் தாயார், தலையில் கட்டிய துண்டோடு வேலைக்குப் போகும் வழியில் பள்ளி வாசலில் நின்று, "வாத்தியாரையா, தோக்கறதுக்குன்னு எதுக்குப் பிள்ளைங்கள அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறீங்க? நாலு பேர் சிரிக்கறதுக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியோடு பழைய விளையாட்டு வரலாறுகளைப் புரட்டியபோது, நான் பிறந்த ஆண்டாகிய 1980இல் வந்து நின்றேன்.

அந்த ஆண்டின் கதைக்குள் நுழையுமுன் இந்த விளையாட்டு எங்கே பிறந்தது என்று பார்த்துவிடுவோம்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. நாம் ஒய்.எம்.சி.ஏ. என்று சொல்கிறோமே, அதே சங்கம். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே அடைபட்டுக் கிடக்கும் பதினெட்டு மாணவர்கள் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்கிறார்கள். அவர்களை அடக்குவதற்கு ஒரு விளையாட்டை உண்டாக்கு என்று ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியருக்குக் கட்டளை வருகிறது. இவர் கனடாவில் பிறந்தவர். அவர் பள்ளிக் காவலரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். காவலர் கொண்டு வந்ததோ பீச் என்னும் பழம் அடுக்கும் கூடைகள். இருந்ததை வைத்து நடத்துவோம் என்று அவற்றை மாடத்தின் கைப்பிடிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அந்த மாடம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் வளையம் பத்தடி உயரத்தில் இருப்பதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, அந்த மாடம் அங்கே இருந்ததுதான். பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து, கால்பந்து. கூடையில் அடி இருந்ததால், பந்து விழுந்தால் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் மொத்தமாக விழுந்ததே ஒரே ஒரு கூடைதான். மூன்று புள்ளி வாங்கிய என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சங்கத்துக்காரர்கள் போன இடமெல்லாம் பந்தும் போயிற்று. சீனாவில் தியன்சின் நகருக்கு 1895 வாக்கிலேயே போய்விட்டது. நம் தாய்த் தமிழகத்தின் தலைநகராம் சென்னையில், ஸ்பிரிங்பீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920ஆம் ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். சைதாப்பேட்டை பக்கம் பல ஆண்டுகளாக இயங்கிவரும் கல்லூரி அது. இந்தியாவெங்கும் பள்ளிகளுக்குப் போன உடற்பயிற்சி ஆசிரியர்கள் பலர் அங்கே பயின்றவர்களே. தேசிய அளவிலான முதல் போட்டி 1934இல் டில்லியில் நடந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1936இல், பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்க்கப்பட்டபோது, முதிய நைஸ்மித் நேரில் போய்ப் பார்த்தார். இறுதி ஆட்டம் திறந்தவெளி மண் தளத்தில், கொட்டும் மழையில். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாத சேற்றில் அமெரிக்கா 19, கனடா 8. ஒலிம்பிக் இறுதியாட்டமே சேற்றில் நடந்திருக்கிறது, நம் பெரட்டுக் களம் எம்மாத்திரம்!

நம் மலேசிய நாட்டில் இந்த விளையாட்டைப் பிடித்து வளர்த்தவர்கள் சீனர்கள் என்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். சிரம்பானிலிருந்து நீலாய் வரை எந்தச் சீனப் பள்ளியை எட்டிப் பார்த்தாலும், எந்தப் புதுக்கிராமத்துக்குள் நுழைந்தாலும், இரண்டு கம்பங்களும் வளையங்களும் நிற்கும். அவசரகாலத்தில் கம்பி வேலிக்குள் குடியேற்றப்பட்ட மக்களுக்குப் பெரிய திடல் ஏது? கூடைப்பந்துக்கு இடம் அதிகம் வேண்டியதில்லை. இன்றைய அளவின்படி களத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கால்பந்துத் திடலின் பரப்பில் பதினேழு கூடைப்பந்துக் களங்கள் அடங்கும். நமக்கோ தோட்டத்தில் துரை காலத்துத் திடல் இருந்தது. ஆகவே நாம் கால்பந்து பக்கம் போனோம். இப்பொழுது பல தோட்டங்களில் திடலும் இல்லை, ஆடப் பதினோரு பிள்ளைகளும் இல்லை. ஐந்து பேர் இருந்தால் ஆடக்கூடிய விளையாட்டை நான் நாடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, 1980க்கு வருவோம்.

அந்த ஆண்டு ஜூலை மாதம் சோவியத் நாட்டின் தலைநகர் மாஸ்கோவில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடக்க வேண்டும். அதற்கு ஏழு மாதம் முன்பு, 1979 டிசம்பரில், சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. படைகள் வெளியேறாவிட்டால் நாங்கள் மாஸ்கோவுக்கு வரமாட்டோம் என்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் அறிவித்தார். ஜப்பான், தென் கொரியா, சீனா, பிலிப்பீன்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக நாடுகள் விலகின. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் போகவில்லை. நம் மலேசியாவும் போகவில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். கூடைப்பந்தை விட்டுக் கால்பந்துக்குப் போகிறேனே என்று நினைக்க வேண்டாம், இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதிகள். 1980 ஏப்ரல் 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென் கொரியாவை 2க்கு 1 என்று வென்று மாஸ்கோ செல்லும் உரிமையைப் பெற்றது. சோ சின் ஆன், சந்தோக் சிங், கோல் காவலர் ஆறுமுகம் ஆகியோரின் காலம் அது. நீண்ட கைகளால் பந்தைப் பறித்ததால் சிலந்தி மனிதன் என்று பெயர் வாங்கிய ஆறுமுகத்தைத் தோட்டத்துத் தமிழர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே எண்ணினார்கள். அந்த ஆட்டத்தை வானொலியில் கேட்ட இரவில் எங்கள் லயத்தில் யாரும் தூங்கவில்லை என்று என் அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். என் அம்மா அப்போது என்னைச் சுமந்துகொண்டிருந்தார். வயிற்றுப் பிள்ளைக்கு ஆறுமுகம் என்றே பெயர் வைப்பது என்று அப்பா முடிவு செய்து, பிறகு பாட்டி குலதெய்வத்தின் பெயரைச் சொல்லித் தடுத்துவிட்டாராம்.

வென்ற அந்தக் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. அரசாங்கத்தின் முடிவு அது. அதன் சரி தவறை நான் இங்கே தீர்ப்பிட வரவில்லை. ஆயினும் ஓடியாடிப் பெற்ற ஒன்றைக் கையில் வாங்காமலே விட்டவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும்? மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. ஆறுமுகம் 1988இல் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தக் குழுவின் கதையைத் தழுவி 2016இல் ஓலா போலா என்ற திரைப்படம் வந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

இனி மறு பாதி. ஆசியாவின் சார்பில் மாஸ்கோவில் கூடைப்பந்து ஆட வேண்டியது சீனா. 1979இல் ஜப்பானின் நகோயா நகரில் ஆசிய வாகையர் பட்டத்தை வென்றிருந்தது. சீனா விலகியது. அடுத்து நிற்கக்கூடிய ஜப்பான், தென் கொரியா, பிலிப்பீன்ஸ் ஆகியவையும் விலகின. வரிசையில் பின்னால் நின்ற இந்தியாவுக்கு அழைப்பு வந்தது. கல்யாண வீட்டில் முதல் பந்திக்காரர்கள் எழுந்து போய்விட, வாசலில் நின்றவரைக் கையைப் பிடித்து இலையில் உட்கார வைத்ததைப் போல என்று சொல்லலாம்.

பன்னிரண்டு நாடுகள். இந்தியா விழுந்த பிரிவைப் பாருங்கள்: சோவியத் நாடு, பிரேசில், செக்கோஸ்லோவாக்கியா. சோவியத் குழுவோ, 1972இல் மியூனிக்கில் கடைசி மூன்று வினாடி மீண்டும் ஆடப்பட்டு, 51க்கு 50 என்று அமெரிக்காவையே வீழ்த்திய நாட்டின் குழு. அந்த முடிவை ஏற்காத அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை என்பது தனிக் கதை. பிரேசிலில் ஆஸ்கர் ஷ்மிட் என்னும் 22 வயது இளைஞர் இருந்தார். அவருக்கு அது முதல் ஒலிம்பிக். பின்னாளில் மொத்தம் ஐந்து ஒலிம்பிக்கில் ஆடிக் கூடைகளை மழையாய்ப் பொழிந்தவர் அவர்.

சோவியத் நாடு 121, இந்தியா 65. பிரேசில் 137, இந்தியா 64. ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி இடைவெளி! செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராகவும் அதே நிலைமைதான். பிறகு கீழ்நிலை இடங்களுக்கான ஆட்டங்கள். ஆஸ்திரேலியா, செனகல், போலந்து, சுவீடன். ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் தோற்றது இந்தியா. பன்னிரண்டில் பன்னிரண்டாவது இடம்.

என் மாணவர்களிடம் இதைச் சொன்னபோது ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன், "ஐயா, நாலு ஆட்டம் தோத்த பிறகு ஐந்தாவது ஆட்டத்துக்கு எப்படி ஐயா போனாங்க?" என்று கேட்டான். வரலாற்றில் இதற்குப் பதில் எழுதி வைக்கப்படவில்லை. புள்ளிகளில் மட்டும் ஒரு குறிப்பு கிடைக்கிறது. அந்தக் குழுவில் அஜ்மேர் சிங் என்ற ஆட்டக்காரர் இருந்தார். உலகத்தின் மிகப்பெரிய தடுப்பாளர்கள் எதிரில் நிற்க, அவர் ஆட்டத்துக்குச் சராசரி இருபது புள்ளிக்கு மேல் எடுத்தார். 121 வாங்கிக்கொண்டிருக்கும் போதும் நம் பக்கம் 65 விழுந்திருக்கிறது. அதாவது, தோல்வி நிச்சயம் என்று தெரிந்த பிறகும் யாரோ ஒருவர் விடாமல் ஓடி, எழும்பி, எறிந்துகொண்டிருந்திருக்கிறார். அவருக்கு 1982இல் இந்திய அரசு அர்ஜுனா விருது அளித்தது. ஒலிம்பிக் கூடைப்பந்தில் இந்தியா ஆடியது அந்த ஒரே முறைதான்.

அதே மாஸ்கோவில், அதே ஜூலையில், இந்திய ஹாக்கிக் குழு ஸ்பெயினை 4க்கு 3 என்று வென்று தங்கம் வாங்கியது. அதன் தலைவர் நம் தமிழர், வாசுதேவன் பாஸ்கரன். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின; கொண்டாட வேண்டியதுதான். ஏழு முறை தோற்ற பன்னிரண்டு பேர் எந்தக் கதவு வழியாக ஊர் வந்து சேர்ந்தார்கள் என்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தங்கம் வென்றது யார் என்று கேட்பீர்கள். எல்லாரும் எதிர்பார்த்தது சோவியத் நாட்டை. ஜூலை 19ஆம் நாள் தொடக்க விழாவில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவரே அவர்களுடைய கூடைப்பந்து வீரர் செர்கேய் பெலோவ்தான். பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள் தலைக்கு மேல் பலகைகளைப் பிடித்துப் பாதை போட, அந்தப் பாதை மேல் நடந்து உச்சிக்கு ஏறி அவர் தீபம் ஏற்றினார். அவ்வளவு பெருமையோடு தொடங்கியவர்கள் இத்தாலியிடம் 87க்கு 85 என்று தோற்றார்கள். பிறகு யூகோஸ்லாவியாவிடமும் தோற்றுச் சொந்த ஊரில் வெண்கலத்தோடு நின்றார்கள். இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியா இத்தாலியை 86க்கு 77 என்று வென்றது.

இந்த யூகோஸ்லாவியக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. குரோவாசியர், செர்பியர், பொஸ்னிய முஸ்லிம் என்று பல இனத்தவர் ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். அவர்கள் நாட்டுத் தலைவர் டிட்டோ இறந்து மூன்று மாதங்கூட ஆகாத நேரம். பதினோரு ஆண்டு கழித்து, 1991 முதல், அந்த நாடே துண்டு துண்டாக உடைந்து போர் மூண்டது. அந்தத் தங்கக் குழுவின் மிர்ஸா டெலிபாஷிச், சரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது ஊரை விட்டுப் போகாமல் அங்கேயே இருந்தார். 1993இல் பொஸ்னியாவின் குழுவுக்குப் பயிற்சியாளராக ஐரோப்பியப் போட்டிக்குச் சென்றார். குண்டு விழும் ஊரிலிருந்து புறப்பட்டுப் பந்தாடப் போனவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். பல இனமும் சேர்ந்து ஆடிய நம் 1980 கால்பந்துக் குழுவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள் நினைவும் சேர்ந்தே வருகிறது.

பெண்கள் பிரிவில் சோவியத் நாட்டுக்குப் போட்டியே இல்லை. லாட்வியாவைச் சேர்ந்த உல்யானா செமியோனோவா ஏழடி உயரம். கூடையின் கீழ் அவர் கையைத் தூக்கி நின்றால் மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? உயரம் இல்லாத பெண் பிள்ளைகள் இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை பத்தொன்பது வயதிலேயே இந்தியப் பெண்கள் குழுவுக்குத் தலைவியாகி, 2021இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

மாஸ்கோவுக்கு வராத அமெரிக்காவில் என்ன நடந்தது? அங்கே கூலி வாங்கி ஆடும் தொழில்முறைக் குழுக்களின் போட்டி மே மாதமே முடிந்திருந்தது. மே 16ஆம் நாள் ஆறாவது ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் குழுவின் பெருந்தூணான கரீம் அப்துல் ஜபார் காயத்தால் ஆட முடியவில்லை. அவர் இடத்தில் இருபது வயதுப் புதியவர் மேஜிக் ஜான்சன் இறங்கி 42 புள்ளி எடுத்துப் பட்டத்தை வென்று கொடுத்தார். தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதியும் அந்தப் பருவத்தில்தான் அவர்களிடம் நடைமுறைக்கு வந்தது. உலகப் போட்டிகளில் அது 1984க்குப் பிறகே வந்தது. உயரம் குறைந்தவர்களுக்கு இந்த விளையாட்டில் வாழ்வு கொடுத்த விதி அது என்பேன்.

ஒலிம்பிக்குக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களோ தங்கள் நாட்டுக்குள்ளேயே தொழில்முறை ஆட்டக்காரர்களோடு சில ஆட்டங்கள் ஆடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் 19 வயது ஐசையா தாமஸ் ஒருவர். பின்னர் 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொழில்முறைப் பட்டம் வென்ற பேரும் புகழும் பெற்ற ஆட்டக்காரர். ஆனால் ஒலிம்பிக் களத்தில் கால் வைக்கும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. ஆறுமுகத்துக்கும் அந்த ஆண்டு கிட்டவில்லை. அஜ்மேர் சிங்குக்கு ஏழு முறை கிட்டியது.

அந்தத் தாயாரிடம் இந்தக் கதையை ஒரு நாள் மாலை நிதானமாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவங்க பெரிய ஆளுங்க, சம்பளம் வாங்கற ஆளுங்க. எம்புள்ள ராத்திரி சாப்பிடல, வாத்தியாரையா" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் போகும்போது திரும்பி, "மறுபடி எப்பப் போட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த தவணையில் என்றேன்.

போட்டிக்கு முன் வளையம் வேண்டுமே! வளையத்தின் குறுக்களவு பதினெட்டு அங்குலம். சுற்றளவு எவ்வளவு என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கணக்காகவே கொடுத்தேன். ஐம்பத்தாறரை அங்குலம் என்று சரியாகச் சொன்னார்கள். தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெற்றோர் கம்பியை அந்த அளவுக்கு வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுத்தார். பழைய பலகை ஒன்றும் கிடைத்தது. சென்ற சனிக்கிழமை பெரட்டுக் களத்து ஓரத்தில் கம்பம் நட்டு, அளவு நாடாவைப் பிடித்துப் பத்தடி பார்த்தோம். ஏணியில் நின்றவர், "சின்னப் பிள்ளைங்களுக்கு இது உயரம், ஓரடி இறக்கிக் கட்டட்டுமா?" என்றார். கீழே நின்ற பிள்ளைகள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். பத்தடியிலேயே கட்டினோம்.